உப்புத் தண்ணிக்கு எந்த வாஷிங் மெஷின்? செமி, டாப் லோடு, ஃப்ரண்ட் லோடு: வடசென்னைக் கணக்கு

கடைக்குப் போனால் முதல் கேள்வி "வீட்ல எத்தனை பேர்?" என்பதுதான். நாலு பேர் என்றால் 7 கிலோ, ஆறு பேர் என்றால் 8 கிலோ என்று கையைக் காட்டிவிடுவார்கள். தண்டையார்பேட்டையிலோ காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ வீடு என்றால் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: துவைக்கிற தண்ணி எங்கிருந்து வருகிறது? சம்ப்பில் விழும் மெட்ரோ வாட்டரா, தெருமுனை அடிபம்பா, லாரியா, போரா? ஒரே தெருவில் நாலும் உண்டு. ஒரே வீட்டில் குடிக்க ஒன்று, துவைக்க ஒன்று என்றும் உண்டு. கிலோ கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

விலை நிலவரம் சுருக்கமாக: 7 கிலோ அளவில் செமி ஆட்டோமேட்டிக் (துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி, துணியை நாமே மாற்ற வேண்டும்) ஏறத்தாழ 9,000 முதல் 12,000 ரூபாய், டாப் லோடு (மேலே மூடி, தானாகவே துவைத்துப் பிழியும்) 15,000 முதல் 20,000, ஃப்ரண்ட் லோடு (அதேபோல் தானாக ஓடும், கதவு முன்பக்கம்) 25,000க்கு மேல். இந்த வித்தியாசத்தைப் பார்த்து "நடுவுல இருக்கறத எடுத்துக்கலாம்" என்று டாப் லோடில் போய் நிற்பவர்கள்தான் அதிகம். அந்த நடு வழி எல்லா வீட்டுக்கும் பொருந்தாது.

தண்ணி மெஷினுக்குள் எப்படி ஏறும் என்பதில் தொடங்குவோம். செமியில் குடத்தைச் சாய்த்தாலே போதும், பிரஷர் பற்றிய பேச்சே இல்லை. டாப் லோடிலும் மூடியைத் திறந்து வாளியால் ஊற்றலாம். வேண்டிய மட்டம் வந்ததும் பல மாடல்கள் தானாகத் துவைக்க ஆரம்பித்துவிடும். ஆனால் ஒவ்வொரு அலசலுக்கும் பக்கத்தில் நின்று மறுபடி ஊற்ற வேண்டும். அப்படி நிற்பதானால் ஆட்டோமேட்டிக்குக்குக் கொடுத்த காசு வீண். ஃப்ரண்ட் லோடில் ஊற்றவே வழியில்லை, குழாய் இருந்தே ஆக வேண்டும்.

குழாய் இருந்தாலும் பிரஷர் வேண்டும். 10 மீட்டர் உயரத் தண்ணிக்குத்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம். பல மெஷின்கள் குறைந்தது 0.3 பாராவது கேட்கும், அதாவது மெஷினுக்குள் தண்ணி விடும் வால்வுக்கு மேலே 3 மீட்டர், பத்தடி. மாடி டேங்க் தலைக்கு மேலேயே இருப்பதால் மேல்மாடி வீட்டுக்குத் தண்ணி வேகமாக வரும் என்று நினைப்பார்கள். நிஜம் தலைகீழ். பத்தடிக் கூரை, அதன்மேல் மூன்றடி மேடையில் டேங்க், தரையிலிருந்து மூன்றடியில் மெஷின் வால்வு என்றால் கிடைப்பது அதே பத்தடிதான். டேங்கில் தண்ணி அடிமட்டத்துக்கு இறங்கி, பைப்பில் நாலு எல்போவும் (வளைவுகள்) இருந்தால் அதுவும் தேறாது. கீழ்வீட்டுக்காரருக்கு அந்தக் கவலை இல்லை.

மெஷின் வைக்கப்போகும் இடத்துக் குழாயைத் திறந்து 10 லிட்டர் வாளியை வையுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் நிரம்பினால் எந்த மெஷினும் ஓடும். இரண்டு நிமிஷத்தைத் தாண்டினால் தண்ணி வரவில்லை என்று எர்ரர் காட்டி நிற்க வாய்ப்பு அதிகம். அந்த வீட்டுக்கு பூஸ்டர் பம்புச் செலவையும் மெஷின் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து, தண்ணியின் குணம். இங்கே "உப்புத் தண்ணி" என்று ஒரே பெயரில் இரண்டு தொந்தரவுகளைச் சொல்கிறோம். ஒன்று கடினத்தன்மை: கால்சியம், மெக்னீசியம். இது சோப்பை நுரைக்க விடாது, பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படியும், ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்புக் கவசம் கட்டும். இன்னொன்று கடல் உப்பு. வாயில் கரிக்கும், இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடல்நீர் உள்ளே புகுந்தது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த சங்கதி. கடலோரத் தெருக்களின் போரிலும் கரிப்பு உண்டு. டிடிஎஸ் மீட்டர் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும், பிரித்துக் காட்டாது. கடினத்தன்மையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணி இல்லாவிட்டால் 600 வரை.

மெஷினோடு தலையில் கட்டப்படும் உப்பு ஃபில்டரில் காசு போவது இந்த இடத்தில்தான். இன்லெட் குழாயில் மாட்டும் சின்ன உருண்டை ஃபில்டர் சுண்ணாம்பு ஒட்டாமல் ஓரளவு தடுக்கும். ரெசின் வைத்த சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடும். கடல் உப்பை இரண்டுமே தொடாது. கரிக்கும் போர்த் தண்ணிக்கு ஃபில்டர் மாட்டிவிட்டு மெஷின் துருப்பிடிக்காது என்று நம்பினால், ஏமாற்றம்தான். மெட்ரோ வாட்டர் இந்த வகையில் எவ்வளவோ மேல். காட்டுப்பள்ளியில் 2010-ல், நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை தொடங்கப்பட்டதும் வடசென்னைக்குத் தண்ணி தரத்தான்.

உப்பு எந்த மெஷினில் எதைத் தின்னும்? செமியின் உடம்பும் தொட்டியும் பிளாஸ்டிக். அடியில் மோட்டாரைத் தாங்கும் தகடும் ஸ்க்ரூக்களும்தான் போகும். டாப் லோடின் உடம்பு பெயின்ட் அடித்த தகடு. ஈரத்தரையில் நின்றால் கீழ் ஓரத்தில் கொப்புளம் கிளம்பும், உள்ளே தொட்டியைத் தொங்கவிடும் கம்பிகளும் துருவேறும். ஃப்ரண்ட் லோடில் அடி விழுவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஸ்டீல் டிரம்மின் முதுகில் மூன்று கைகளோடு ஒரு அலுமினிய வார்ப்பு இருக்கும், ஸ்பைடர் என்பார்கள். இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டி நிற்க நடுவே உப்புத் தண்ணி தேங்கினால், அலுமினியம் மாவு மாவாக உதிரும். ஒருநாள் கை முறிந்து டிரம் ஆட ஆரம்பிக்கும். பியரிங் மாற்றுவதும் லேசில்லை. சில மாடல்களில் வெளித்தொட்டியைப் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருப்பார்கள். அப்போது முழுத் தொட்டியையும் மாற்ற வேண்டும். "தொட்டி ஸ்க்ரூ போட்டதா, ஒட்டினதா?" என்று வாங்கும் முன் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாது, சர்வீஸ் ஆளுக்குத் தெரியும்.

தண்ணிச் செலவு என்று வந்தால் ஃப்ரண்ட் லோடுதான் ராஜா. 7 கிலோவுக்கு ஒரு முறை ஏறத்தாழ 50 முதல் 65 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் நாலு குடம். டாப் லோடு 100 லிட்டரைத் தாண்டும், ஏழெட்டுக் குடம். செமியின் செலவு துவைப்பவர் கையில் இருக்கிறது. ஒவ்வொரு ஈடுக்கும் புதுத்தண்ணி பிடித்தால் டாப் லோடையும் மிஞ்சும். வெள்ளைத் துணி, கலர் துணி, கடைசியில் வேலைக்குப் போட்ட துணி என்று அதே சோப்புத் தண்ணியில் மூன்று ஈடு ஓட்டி, அலசின தண்ணியைக் கழிவறைக்கு வாளியில் பிடித்துவைத்தால் ஃப்ரண்ட் லோடுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இடுப்பு வலிதான் உபரி.

உலர்வதை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். கடற்காற்றில் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள் கொடி கட்டினால் ஜீன்ஸ் இரண்டு நாளானாலும் ஈரமாகவே இருக்கும். ஃப்ரண்ட் லோடு 1,000 முதல் 1,400 சுற்றில் பிழியும், டாப் லோடு 700 வாக்கில். செமியின் ஸ்பின் தொட்டியும் 1,300 சுற்றுக்கு மேல் போகும். தொட்டி சின்னது என்பதால் அதே சுற்றுக்கு விசை குறைவு. இருந்தாலும் டாப் லோடை விட நன்றாகவே பிழியும். ஒரு ஈட்டை இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும், மேலே வலைமூடி வைக்காமல் ஓட்டக் கூடாது.

மீன் வாடைத் துணிக்கு எடுத்த எடுப்பில் சுடுதண்ணி கூடாது. புரதம் துணியிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணியில் அரைமணி ஊறவைத்து, அந்தத் தண்ணியை இறைத்துவிட்டு, பிறகு 40 டிகிரியில் துவைக்க வேண்டும். செமியில் ஊறவைப்பது சுலபம், சூடு கிடையாது. ஃப்ரண்ட் லோடில் சூடு உண்டு. அதற்கு 2,000 வாட் ஹீட்டர், 16 ஆம்பியர் பிளக், எர்த் சரியாக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டுத் துணியில்லாமல் 60 டிகிரியில் ஓட்டினால் ஹீட்டர் சுண்ணாம்பு கரையும். ப்ளீச்சிங் பவுடரை அதோடு சேர்த்துவிடாதீர்கள், விஷ வாயு கிளம்பும்.

ரிப்பேரில் செமிக்கு நிகர் இல்லை. டைமர், பெல்ட், பிரேக் வயர், ஸ்பின் சீல்: போகிற பொருள் இவ்வளவுதான், தெருவிலேயே ஆள் கிடைப்பார். மற்ற இரண்டிலும் எலக்ட்ரானிக் போர்டு போனால் பில் ஆயிரங்களில் வரும். ஈரக் காற்று கனெக்டர்களைப் பச்சை பூக்க வைக்கும்; பால்கனியில் வைத்தால் இன்னும் சீக்கிரம்.

ஆக, அடிபம்பு அல்லது லாரித் தண்ணி வீட்டுக்கும் கரிக்கும் போர் வீட்டுக்கும் செமி, மறுபேச்சே இல்லை. சம்ப், மோட்டார், மெட்ரோ வாட்டர் மூன்றும் இருந்து கீழ்மாடி அல்லது நடுமாடி என்றால் ஃப்ரண்ட் லோடு. குனிய முடியாத பெரியவர்கள் துவைக்கும் வீட்டுக்கும், பிரஷர் குறைந்த மேல்மாடியில் குறைந்த பிரஷருக்கென்றே செய்த மாடலாகக் கிடைத்தாலும் டாப் லோடு. ஹீட்டர் வைத்த டாப் லோடுக்குக் கூடுதல் காசு தர வேண்டாம். அவ்வளவு தண்ணியையும் சூடாக்க வேண்டிவரும், கரண்ட் பில்தான் ஏறும்.

ஃப்ரண்ட் லோடு எடுப்பவர்கள் படிக்கட்டை அளந்துகொள்ளுங்கள். 60 கிலோவுக்கு மேல் கனம், ஹவுசிங் போர்டு படியில் திரும்பாது. கொண்டுவரும்போது டிரம் ஆடாமலிருக்க முதுகில் பூட்டியிருக்கும் டிரான்சிட் போல்ட்டுகளைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் அறை முழுக்க நடக்கும். சக்கரம் வைத்த ஸ்டாண்டு ஆகாது. வடிகுழாயைத் தரையோடு விடாமல் இரண்டடிக்கு மேல் தூக்கி மாட்டுங்கள். இல்லையென்றால் ஏறுகிற தண்ணி ஏறுகிற வேகத்திலேயே வடிந்துபோகும். பவுடர் நுரை குறைந்த ரகமாக இருக்கட்டும்.

மூன்றுக்கும் பொதுவாக, மழையில் சாக்கடை எதிர்த்து வரும் தெரு என்றால் ஒரு அடி உயரத்துக்கு செங்கல் மேடை கட்டி அதன்மேல் வையுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வந்தது எண்ணெய் கலந்த வெள்ளம். மோட்டார் எல்லாவற்றிலும் அடியில், சில மாடலில் போர்டும் அங்கேதான். முங்கின மெஷினை ஓடுகிறதா என்று பார்க்க சுவிட்ச் போடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, பின்தகட்டைக் கழற்றி, நல்ல தண்ணியில் உப்பையும் சேற்றையும் அலசி, ஒரு வாரமாவது காயவிட்டு, மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும்.