சறுக்குமரத்துக்குக் கீழே என்ன தரை? பூங்காத் தரைகள், ஒரு மதிப்பீடு

பூங்காவைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கினால் சறுக்குமரமும் ஏறுகோபுரமும்தான் முதலில் பட்டியலில் ஏறும். அவற்றின் கீழே என்ன போடுவது என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் 'பாதுகாப்பான தரை' என்ற இரண்டே சொல்லில் முடிந்துவிடும். விளையாட்டுத் திடல்களில் நேரும் காயங்களில் பெரும்பங்கு விழுவதால் வருவது. கருவி எவ்வளவு உயர்தரமானாலும் குழந்தை விழப்போவது தரையில். அதனால் இங்கே கருவிகளைத் தொடவில்லை. வார்ப்பு ரப்பர், ரப்பர் ஓடு, மரச்சில்லு, மணல், கூழாங்கல், புல் ஆகியவற்றை மட்டும் எடைபோடுகிறோம்.

எல்லாவற்றுக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு. முடுக்கமானி பொருத்திய, தலை வடிவிலான 4.6 கிலோ எடையைப் படிப்படியாக உயரத்தைக் கூட்டித் தரையில் போடுவார்கள். மோதலின் கடுமையை எச்ஐசி என்ற தலைக்காய எண்ணாகக் கணக்கிடுவார்கள். அந்த எண் 1000-ஐத் தொடும் உயரம்தான் அந்தத் தரையின் 'உச்ச வீழ் உயரம்'. ஐரோப்பாவில் ஈஎன் 1177, அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் எஃப் 1292 என இரண்டு தரவிதிகளும் இந்த 1000-ஐத்தான் எல்லையாக வைக்கின்றன. 1000-க்குள் இருந்தால் அடியே படாது என்று இதற்குப் பொருளில்லை. உயிருக்கு ஆபத்தான தலைக்காயத்தின் வாய்ப்பைக் குறைக்கும் எல்லை அது, அவ்வளவே. கை எலும்பு முறிவு இந்தக் கணக்கில் வரவே வராது.

எனவே 'சான்றிதழ் பெற்றது' என்று விற்பவர் சொன்னால் அடுத்த கேள்வி: எத்தனை மில்லிமீட்டர் கனத்துக்கு, எத்தனை மீட்டர் உயரத்துக்கு? 40 மில்லிமீட்டர் மாதிரிக்கு வாங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு 2 மீட்டர் கோபுரத்தின் கீழ் அதே 40-ஐ விரிப்பது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் கோளாறு. கருவியின் உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதிலும் ஏமாறலாம். ஏறுகருவிக்கு அதன் உச்சிதான் கணக்கு. ஊஞ்சலுக்கு அமெரிக்க முறையில் சங்கிலி தொங்கும் மேல்கம்பியின் உயரம் கணக்கு. பலகையின் உயரத்தை எழுதித் தந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி சரக்குக்கு வருவோம். எல்லோரும் கேட்பது வார்ப்பு ரப்பர். வண்ணம், வளைவு, நடுவில் மீன் படம் என்று திறப்பு விழாப் புகைப்படத்துக்குப் பொருத்தமான தரை. அமைப்பு இரண்டு அடுக்கு. அடியில் பழைய டயரை அரைத்த எஸ்பிஆர் துகள், மேலே இபிடிஎம் என்ற செயற்கை ரப்பரின் வண்ணத் துகள். இரண்டையும் பாலியூரித்தேன் பசையில் பிசைந்து கரணையால் இழுப்பார்கள். மேலடுக்கு வழக்கமாக 10 முதல் 15 மில்லிமீட்டர். விழுபவரைத் தாங்குவது மேலே தெரியும் வண்ணமல்ல, கண்ணுக்குத் தெரியாத அடியடுக்கு. செலவைக் குறைக்க நினைப்பவர் கைவைப்பதும் அதில்தான். மேலடுக்கு போட்டபின் கனத்தைச் சரிபார்க்க வெட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அடியடுக்கு இறுகியதும், மேலடுக்குக்கு முன், அளவு குறித்த மெல்லிய கம்பியைப் பல இடங்களில் குத்திப் பார்த்துவிட்டால் வேலை சுலபம். கரையோரம், தூண்களைச் சுற்றி, இரண்டு கனங்கள் சந்திக்கும் சரிவு ஆகிய மூன்று இடங்களில்தான் வழக்கமாகக் குறையும்.

இந்தப் பசை ஈரத்தை உறிஞ்சி இறுகும் வகை. அதன் பலமும் பலவீனமும் அதுவே. அடித்தளத்தில் பனியோ மழைநீரோ இருந்தால் பசை நுரைத்துவிடும். மேல்பார்வைக்குச் சரியாக இருக்கும், ஒட்டுப்பலம் இருக்காது. காற்றில் ஈரம் மிகுந்தால் எதிர்பார்த்ததைவிட விரைவாக இறுகி, நேற்றைய வேலையும் இன்றைய வேலையும் சேரும் இடத்தில் கோடு விழும். பின்னாளில் பிளவு தொடங்குவது அந்தக் கோட்டில்தான். ஒரு வண்ணப்பகுதியை ஒரே மூச்சில் முடிப்பதும், தவிர்க்க முடியாத மூட்டை ஊஞ்சலடியிலோ சறுக்குமர வாயிலோ வராமல் திட்டமிடுவதும் அதனால்தான் முக்கியம். போட்டு முடித்ததும் குறைந்தது ஒரு நாள், குளிர்காலத்தில் இன்னும் அதிகம், ஆள் ஏறாமல் வேலி கட்டிக் காக்க வேண்டும். திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு வேலையைத் தொடங்கும் இடங்களில் இந்த நாள்தான் பலியாகிறது.

வார்ப்பு ரப்பர் தேய்வது எங்கே என்றால், மிகவும் தேவைப்படும் இடத்தில்: ஊஞ்சலில் கால் உரசும் பள்ளத்திலும், சறுக்குமரத்திலிருந்து இறங்கும் இடத்திலும். வெயிலில் பசை நொய்ந்து துகள் உதிரத் தொடங்கும். கையால் தேய்த்தால் துகள் வருகிறதென்றால் மேலே பசைப்பூச்சு உருட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. பூச்சைத் தடிமனாக உருட்டினால் துளைகள் அடைபடும், நீர் இறங்காது, ஈரத்தில் வழுக்கும். மெல்லிய ஒரு கை போதும். மலிவான அரோமாட்டிக் வகைப் பசை வெயிலில் மஞ்சளாகும். நீலமும் வெள்ளையும் அதைக் காட்டிக்கொடுக்கும், சிவப்பும் பழுப்பும் மறைத்துக்கொள்ளும். அலிபாட்டிக் வகை மஞ்சளாகாது, விலை அதிகம். முழுத் திடலுக்கும் வேண்டாம், வெளிர் வண்ணப் பகுதிகளுக்கு மட்டும் கேட்கலாம்.

ஓட்டை விழுந்துவிட்டால் ஓரங்களை உதிர உதிர விட்டுவிட்டு மேலே பூசுவது வீண். உறுதியான பகுதிவரை நேர்க்கோட்டில், செங்குத்தாக வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய பக்கச்சுவரிலும் அடியிலும் பசை தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே புதிய கலவையை நிரப்பிக் கரணையால் அழுத்த வேண்டும். அடியடுக்கும் கெட்டிருந்தால் அதையும் மாற்றாமல் மேலே ஒட்டுப்போடுவதில் பயனில்லை. ஒட்டுப்போட்ட வண்ணம் எப்படியும் தனித்துத் தெரியும்.

வெப்பம் இன்னொரு பெரிய குறை. நேர் வெயிலில் ரப்பர் தரை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும்; அந்தச் சூட்டில் சிறு குழந்தையின் வெறுங்கால் சில வினாடிகளில் புண்ணாகலாம். தண்ணீர் தெளிப்பது சிறிது நேரத்துக்குத்தான் உதவும். நிழலுக்கு வழியில்லாத திடலில் கரும்பச்சை, கருநீல ரப்பரை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். நிழற்பந்தலுக்கான தூண்களைத் தரை போடுவதற்கு முன்பே நட்டுவிட வேண்டும். பிறகு நட்டால் புதுத்தரையை வெட்ட வேண்டிவரும். பெரிய மரத்தின் வேர்மேல் வார்ப்பது அடுத்த தவறு. வேர் தூக்கும், ரப்பர் பிளக்கும், கடைசியில் பழி மரத்தின்மேல் விழும்.

இவ்வளவு சொன்னாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தடையின்றி உருளும் தரை இதுவே. உடற்குறை உள்ள குழந்தைகளும் ஆட வேண்டிய திடலில் குறைந்தபட்சம் நுழைவிலிருந்து கருவிவரை செல்லும் பாதைக்காவது ரப்பர் வேண்டும்.

ரப்பர் ஓடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொழிற்சாலையில் அழுத்தி வருவதால் கனம் நம்பகமானது, கெட்ட ஒன்றை மட்டும் மாற்றலாம். ஆனால் வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி ஓரங்கள் அப்பளம்போல மேலெழும், இடைவெளியில் மண்ணும் களையும் குடியேறும், தூக்கிய ஓரம் காலைத் தடுக்கும். சமமான கான்கிரீட் தளம் ஏற்கெனவே இருக்கும் சிறு திடலுக்கு, பக்கவாட்டில் முளை பொருத்தி ஒன்றோடொன்று கோக்கும் வகையாகப் பார்த்து வாங்கி, அடியிலும் பசையிட்டால் பிழைக்கும். ஜல்லித் தளத்தின்மேல் வேண்டாம்.

மரச்சில்லுதான் எங்கள் தேர்வு, ஒரு நிபந்தனையோடு. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு, அமுங்கியபின் 9 அங்குலம் நிற்கும் மரச்சில்லுக்கு 10 அடி வீழ் உயரம் தருகிறது. அதே 9 அங்குலக் கூழாங்கல்லுக்கு 5 அடி, மணலுக்கு 4 அடி மட்டுமே. ஐரோப்பிய விதி 5 முதல் 30 மில்லிமீட்டர் அளவுள்ள சில்லைக் கேட்கிறது: 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 2 மீட்டர், 30 சென்டிமீட்டருக்கு 3 மீட்டர், இடம்பெயர்வதை ஈடுகட்ட மேலும் 10 சென்டிமீட்டர். மணலுக்கும் கூழாங்கல்லுக்கும் ஐரோப்பியர் இதே ஆழத்தைத்தான் சொல்கிறார்கள். மணலின் பருமன், உருண்டை, ஈரம் மாறினால் அதன் தன்மையே மாறிவிடுவதால், மணலைப் பொறுத்தவரை கடுமையான அமெரிக்கக் கணக்கைப் பிடித்துக்கொள்வதே நல்லது.

நிபந்தனை இதுதான்: யார் வாரி இழுக்கப்போகிறார்கள்? ஊஞ்சலடியில் சில்லு தள்ளுண்டு ஓரம் போய்விடும், 30 சென்டிமீட்டர் 10 ஆகும். அந்தப் பள்ளத்தில் மரச்சில்லின் நற்சான்று எதுவும் செல்லாது. கருவிகளின் தூண்களில் நிரப்பு மட்டத்தை வண்ணக்கோடாகப் பூசிவைத்தால் ஆழம் குறைந்திருப்பதை யாரும் ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். ஊஞ்சலடியிலும் சறுக்குமர வாயிலும் சில்லுக்குள் புதைத்த ரப்பர் பாய் பதித்தால் பள்ளம் பறிவது வெகுவாகக் குறையும். பாயை நாலு மூலையிலும் நங்கூரமிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே தடுக்கிவிடும். வாரி இழுக்க ஆளும் நாளும் எழுத்தில் இல்லாத இடத்துக்கு மரச்சில்லைச் சொல்லமாட்டோம்.

அளவு கணக்கு எளிது. 12 அங்குலம் கொட்டினால் 9-ஆக அமுங்கும். ஆக 30 சென்டிமீட்டர் நிற்க வேண்டுமென்றால் 40 கொட்ட வேண்டும். 100 சதுர மீட்டர் திடலுக்கு 40 கன மீட்டர். 30 மட்டும் வரவழைத்துவிட்டு 'போதவில்லையே' என்று விழிக்கும் இடங்கள் ஏராளம். அடியில் நீர் தேங்கினால் சில்லு ஒரே பருவத்தில் மக்கிச் சேறாகும். அதனால் தோண்டிய குழியில் வெளியேறும் குழாயோடு 10 சென்டிமீட்டர் ஜல்லி, அதன்மேல் நீரை விட்டுக் கல்லைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி, பிறகு சில்லு. துணி இல்லாமல் போனால் ஜல்லி மேலே ஏறி, குழந்தை விழும் இடத்தில் கல்லாக நிற்கும். கரைக்கட்டின் உச்சி சில்லு மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும், ஆனால் ஓடும் கால் தடுக்காத இடத்தில், விழும் பகுதிக்கு வெளியே. ஆர்சனிக் கலந்த மருந்தேற்றிய பழைய மரத்தை அரைத்த சில்லும், தட்டுப்பலகைகளை ஆணியோடு அரைத்த சில்லும் வாசலிலேயே திரும்ப வேண்டியவை.

விழும் பகுதி என்று சொன்னதும் இன்னொன்று. கருவியைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 6 அடி தாங்குதரை வேண்டும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் மேல்கம்பி உயரத்தின் இரண்டு மடங்கு. 8 அடி ஊஞ்சலுக்கு முன்னால் 16 அடி, பின்னால் 16 அடி. இடம் போதவில்லை என்றால் தரையைக் குறைக்காதீர்கள், ஊஞ்சலை நீக்குங்கள்.

மணல் விளையாடுவதற்கு நல்லது, விழுவதற்குச் சுமார். களிமண் கலக்காத, கழுவிய, உருண்டை மணலாக இருந்தால்தான் அதுவும். தூசி சேரச் சேர இறுகிவிடும், நனைந்து காய்ந்தால் இன்னும் மோசம். மண்வெட்டியால் அடிவரை கிளறிவிட வேண்டும். பூனைகளுக்கு மிகவும் பிடித்த தரை என்பதையும் சொல்லிவிடலாம். உடைந்த கண்ணாடி மணலில் மறைந்துகிடக்கும், சல்லடை போடாமல் தெரியாது. கூழாங்கல் நீர் தேங்காது, பூனைக்கும் பிடிக்காது. ஆனால் மிகச் சிறு குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள், பாதையில் சிதறினால் பெரியவர்கள் வழுக்குவார்கள்.

புல் 1 மீட்டர்வரை தாங்கும் என்று ஐரோப்பிய விதி ஏற்கிறது. அமெரிக்கக் கையேடு புல்லைத் தாங்குதரையாகவே ஏற்பதில்லை, மிதிபட்டுத் தேய்வதைக் காரணமாகச் சொல்கிறது. எங்கள் வாக்கு அமெரிக்கர் பக்கம். ஊஞ்சலடியில் புல் நின்று பார்த்தவர் யார்? செயற்கைப் புல்லில் தாங்குவது புல்லல்ல, அடியில் விரிக்கும் நுரைப்பாய். பாயின் சான்றிதழைக் கேளுங்கள். சூட்டில் செயற்கைப் புல் ரப்பருக்கு அண்ணன்.

இரண்டு தரைகளைக் கலந்து போடுவதுதான் பெரும்பாலான திடல்களுக்குப் பொருந்தும்: பாதைக்கும் தாழ்ந்த கருவிகளுக்கும் வார்ப்பு ரப்பர், உயர்ந்த கோபுரங்களின் கீழ் மரச்சில்லு. சந்திக்கும் இடத்தில் சில்லு அமுங்கியதும் படி விழும், சக்கர நாற்காலி அங்கே நின்றுபோகும். ரப்பரின் ஓரத்தைச் சில்லுக்குள் சரிவாக இறக்கிவிட்டால் சில்லு சற்று இறங்கினாலும் படி தெரியாது.

ஒப்பந்தத்தில் 'உத்தரவாதம் 5 ஆண்டு' என்று மட்டும் எழுதினால் அது வண்ணம் உரிவதற்கான உத்தரவாதமாகவே முடியும். ரப்பர் வயதாக ஆக இறுகும். எச்ஐசி 1000-க்குள் நிற்க வேண்டும் என்ற வரி உத்தரவாதக் காலம் முழுமைக்கும் செல்லுபடியாக வேண்டும், சோதனைச் செலவு யாருடையது என்பதோடு. ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு கருவிக்கும் கீழே, அந்தக் கருவியின் உயரத்திலிருந்தே, களச்சோதனை நடத்தச் சொல்லுங்கள். சோதிக்கும் இடத்தை ஒப்பந்ததாரர் காட்டக்கூடாது, நீங்கள் காட்ட வேண்டும். கடைசித் தவணையை அந்த அறிக்கை கைக்கு வந்தபின் விடுவியுங்கள். கூடவே அதே தொகுப்பிலிருந்து ஒவ்வொரு வண்ணத்திலும் ஒரு மூட்டை இபிடிஎம் துகளும், பசையின் பெயரும் கலவை விகிதமும் எழுதிய தாளும் வாங்கி அலுவலகத்தில் வையுங்கள். பசையைச் சேமிக்க வேண்டாம், திறந்த டப்பா சில நாளில் கல்லாகிவிடும்.