170 ஆண்டு மலரும் ஹட்டன் அச்சகமும்

எங்கள் தோட்டத்துக் கிறிஸ்தவ ஆலயத்துக்கு ஒரு சிறப்பு மலர் அடிக்க வேண்டும் என்று சபைக் கூட்டத்தில் முடிவானதும் வேலை என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூட வாத்தியார் என்றால் எழுதவும் திருத்தவும் பிரஸுக்கு அலையவும் நேரம் நிறைய இருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள் போல. ஹட்டன் டவுனில் ஒரு அச்சகத்தில் கொடுத்தோம். நல்லதும் சொல்லப் போகிறேன், குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். இங்கே கல்யாணப் பத்திரிகையோ மரண அறிவித்தலோ அடித்தவர்களுக்கு எந்தக் கடை என்று எப்படியும் தெரிந்துவிடும்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 64 பக்கம், 300 பிரதி, அட்டையும் நடுவில் 8 பக்கமும் கலர், மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை. பிரதிக்கு 650 ரூபா விழுந்தது, பாதி முற்பணம். கண்டியில் விசாரித்தபோது கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னார்கள், ஆனால் ஒவ்வொரு புரூஃபுக்கும் கண்டிக்குப் போய் வந்தால் மிச்சம் பிடித்தது பஸ்ஸுக்கே சரியாகிவிடும்.

முதல் புரூஃபைப் பார்த்து அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நான் யூனிகோடில் டைப் செய்து கொடுத்ததை அவர்களுடைய பழைய டிசைன் மென்பொருளில் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். 'கோயில்' என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். 'கோப்பித் தோட்டம்' என்ற சொல்லுக்கும் அதே கதி. அப்புறம் எல்லாவற்றையும் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றி, மாற்றும்போது காணாமல்போன எழுத்துகளைக் கையால் போட்டு, அதிலேயே ஒரு கிழமை போனது.

கொம்பு பிசகினால் கண்ணில் குத்தும், ஆண்டு பிசகினால் யாருக்கும் தெரியாது. எங்கள் வரலாற்றுக் கட்டுரையில் இரண்டு ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. 1845இல் அங்கிலிக்கன் திருச்சபையின் கொழும்பு மறைமாவட்டம் உருவாகி ஜேம்ஸ் சாப்மன் அதன் முதல் பேராயராக வந்தார், 1854இல் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷனரிச் சங்கத்தின் தமிழ்க் கூலி மிஷன் மலையகத்தில் தொடங்கியது. இரண்டாவது புரூஃபில் இரண்டுமே 1854! கேட்டால் டைப் செய்கிற தம்பி, "சேர், நீங்க நம்பரை மாத்தி அடிச்சிட்டீங்கன்னு நானே சரி பண்ணிட்டேன்" என்றான். நல்ல பையன், கோபிக்கவும் மனம் வரவில்லை. ஆனால் தீவுக்குப் பேராயர் வந்து ஒன்பது வருடம் கழித்துத்தான் தோட்டத்துத் தமிழருக்கென்று தனியாக ஒரு மிஷன் வந்தது, அந்த ஒன்பது வருடத்தைச் சொல்லத்தானே நான் உட்கார்ந்து எழுதியது. அதைப் பிடித்து ஒரே தட்டில் பூஜ்யமாக்கிவிட்டான்.

அந்த மிஷனுக்குக் காசு போட்டது கோப்பித் தோட்டத்துத் துரைமார், நடத்தியது சி.எம்.எஸ்., நடந்தது திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார். உண்மையிலேயே நடைதான். மன்னார்ப் பக்கம் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியாக வந்த நம் ஆட்களைத் தேடித் தோட்டம் தோட்டமாக மலை ஏறி இறங்கியிருக்கிறார்கள். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், இல்லாவிட்டால் வேலை முடிந்தபிறகு லயத்து, அதாவது வரிசை வீடுகளின், இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து பேச்சு. துரை சொன்னால் புரியாதது இவர்கள் சொன்னால் புரிந்தது, பேச்சு ஊர்ப் பேச்சு அல்லவா. ஆனாலும் கோப்பிக் காலத்தில் சபை நிலைக்கவில்லை என்பது என் கணிப்பு. கோப்பிப் பழம் பறிக்கிற காலத்துக்கு வருவார்கள், முடிந்ததும் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள், உபதேசியார் அடுத்த முறை வரும்போது லயத்தில் வேறு முகம். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து, தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் படுத்து, தேயிலை அந்த இடத்துக்கு வந்தது. தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். குடும்பமாக வந்து தங்கினார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள், அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை ஒரே முகங்களை எண்ணும்படி சபை என்று ஒன்று ஆனது. இதை நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன், சபையில் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னமே, 1692இல், கத்தோலிக்கக் குரு ஜோசப் வாஸ் அடிகளார் கண்டிக்கு வந்து ஒற்றன் என்று பிடிபட்டுச் சிறையிருந்த கதையையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடச் சொன்னார் எங்கள் போதகர் ஐயா. அந்தப் பெட்டியை அச்சகத்தில் அழகாகச் செய்திருந்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு நாள் அச்சக முதலாளியே போன் எடுத்தார். "தலைப்பில கூலின்னு இருக்கே, அது வேணுமா சேர்? எங்க தாத்தாவும் தோட்டத்து ஆள்தான்." காசு வாங்கினோமா அடித்தோமா என்று இல்லாமல் படித்துப் பார்த்துக் கேட்டார் பாருங்கள், அதற்காகவே அரை நட்சத்திரம் கூட. சபையிலும் இதே சண்டை நடந்தது. மிஷனுக்கு வைத்த பெயர் அதுதான், நாம் மறைத்தால் இல்லாமல் போய்விடாது என்று சொல்லி அப்படியே விட்டோம்.

படங்கள் விஷயத்தில் பாதி பாராட்டு. ஆலயத்துச் சுவரில் ஈரம் ஏறிக் கிடந்த பழைய படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றாமலே ஸ்கேன் செய்து பூஞ்சைக் கறையெல்லாம் எடுத்துவிட்டார்கள், அருமை. அதோடு நின்றிருக்கலாம். இன்னும் தெளிவாகட்டும் என்று ஏதோ செயலியில் போட்டிருக்கிறான் தம்பி, உபதேசியாருக்கு வழவழவென்று சினிமா நடிகர் முகம், வெறுங்காலில் நின்றவருக்குச் சப்பாத்து. பேரன்மார் பார்த்தால் என்ன ஆகும்? கறையோடேயே போடுங்கள் என்று பழையதை வாங்கினேன்.

அட்டைக்கு டிக்கோயா வார்லி ஆலயத்தைப் போடலாம் என்று முதலாளி மாதிரி ஒன்று செய்து காட்டினார், கீழே காசல்ரீ நீர்த்தேக்கம், மேலே மூடுபனி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அது 1878இல் கட்டிய கல் ஆலயம், அப்போது அந்தத் தண்ணீரே அங்கே இல்லை, எங்கள் கதையும் அதுவல்ல. லயத்துப் படம்தான் அட்டையில் போனது.

லேமினேஷன் பற்றி ஒரு வார்த்தை. வெளிப்பக்கம் மட்டும் பளபளப்பாகப் போடுகிறார்கள், எங்கள் ஊர்க் குளிரில் மூன்றே நாளில் அட்டை கிண்ணம் மாதிரி வளைந்துவிடுகிறது. கொஞ்சம் கனமான அட்டை கேளுங்கள். பின் அடித்தது உறுதி, ஒரு தாளும் கழரவில்லை.

ஐந்துக்கு மூன்றரை. அடுத்த முறையும் அங்கேதான் கொடுப்பேன், கடைசிப் புரூஃப் அன்று தம்பி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன். இந்த முறை உட்காரவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு வைத்துக்கொண்டு சனி மாலைதான் கட்டுகள் ஆட்டோவில் வந்தன, பிரித்துப் பார்த்தால் 37ஆம் பக்கத்துப் படக்குறிப்பில் சாப்மன் பேராயர் இன்னும் 1854இல்தான் வருகிறார். வாலிபர் சங்கப் பிள்ளைகள் நான்கு பேரும் நானும் ராத்திரி உட்கார்ந்து 300 பிரதியிலும் பேனாவால் திருத்தினோம். கடைசி ஐம்பது கிடைத்தவர்கள் மன்னிக்கவும், அதில் 5 கொஞ்சம் 6 மாதிரி இருக்கும்.