8,350 ரூபாய் விளக்குக்கு 25,750 ரூபாய் கொடுத்த கதை

தலைப்பில் எழுத்துப்பிழை இல்லை. 2019 ஆவணியில் நாச்சியார்கோவிலில் ஒரு ஜோடி குத்துவிளக்கு வாங்கினேன். பேசிய விலை 8,350. என் கையை விட்டுப் போனது 25,750. இடையில் இருக்கும் 17,400 ரூபாய் எங்கே போனது என்பதை இத்தனை நாள் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஏறக்குறைய இதே பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கிறார். எனவே எழுதிவிடுகிறேன்.

நான் ஆடுதுறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன். மூட்டைக்கு நூறு கிராம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவான் என்று முதலாளி நாலு பேரிடம் சொல்வார். ரசீதில் தேதி தவறாக இருந்தால் லாரியை வாசலிலேயே நிறுத்திவைப்பேன். கைபேசியில் வருவதை மட்டும் படிக்காமலே தட்டுவேன். அதுதான் என் வியாதி.

வியாதியின் முதல் அறிகுறி அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே தெரிந்தது. கும்பகோணத்திலிருந்து ஆடுதுறைக்குப் பாசஞ்சர் ரயிலில் போக, கைபேசியிலேயே பத்து ரூபாய் டிக்கெட் எடுத்தேன். அந்தச் செயலியில் காகிதமில்லாத டிக்கெட் என்று ஒன்று, காகித டிக்கெட் என்று ஒன்று, ஆக இரண்டு வகை இருந்தன. இரண்டாவதை எடுத்தால் ரயில் நிலையத்தில் அச்சிட்டு வாங்கிக்கொண்டால்தான் செல்லுபடியாகும். அதைத் திரையிலேயே எழுதியிருந்தார்கள். நான் இரண்டாவதைத் தட்டிவிட்டு, எண் வந்துவிட்டது என்று ஏறி உட்கார்ந்தேன். பரிசோதகர் கோபப்படக்கூட இல்லை. கைபேசியை வாங்கி அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். அபராதம் 250, கட்டணம் 10. அந்த 260 ரூபாயோடு புத்தி வந்திருக்க வேண்டும்.

விளக்குக்கு வருகிறேன். அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீரில் குத்துவிளக்கு இல்லாமல் எங்கள் பக்கம் முடியாது, அதிலும் நாச்சியார்கோவில் விளக்குதான் வேண்டும் என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள். கும்பகோணத்திலிருந்து பத்து கிலோமீட்டர்தான். காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுத்துப் பித்தளை வார்க்கிற ஊர். அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாகக் கடைந்து மரை போட்டு முடுக்குவார்கள். விலை எடைக் கணக்கு. 4,000 முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்து மீதி 4,350 கட்டி எடுத்துவரப் போனேன். முகூர்த்த நாள் நெருக்கம், கடையில் கூட்டம்.

“போனில் கட்டலாமா?” என்று கேட்டேன். முதலாளி எடை போட்டுக்கொண்டிருந்தார். பொட்டலம் கட்டுகிற பையன் கண்ணாடி அலமாரியைக் கை காட்டினான். அதில் கியூஆர் குறியீடு போட்ட அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. ஓரம் சுருண்டு, விளக்குத் துலக்கும் புளித்தண்ணீர் பட்டுப் பழுப்பாகிப் போயிருந்தது. படம் பிடித்தேன். திரையில் ஒரு பெயர் வந்தது. கடையின் பெயர்ப்பலகையில் இருப்பது முதலாளியின் அப்பா பெயர். திரையில் வந்தது முற்றிலும் வேறு பெயர். இதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மருமகனாக இருக்கும், பங்காளியாக இருக்கும் என்று நானே ஓர் உறவுமுறையைக் கற்பித்துக்கொண்டு ரகசிய எண்ணைப் போட்டேன். பச்சை நிறத்தில் சரி குறி வந்தது.

“எனக்கு மெசேஜ் வரவில்லையே, சார்” என்றார் முதலாளி. இப்போது கடைக்குக் கடை பெட்டி இருந்து தொகையைக் கூவிச் சொல்கிறது. அப்போது எங்கள் பக்கம் அதெல்லாம் வரவில்லை, குறுஞ்செய்தி ஒன்றுதான் சாட்சி. கால் மணி நேரம் காத்திருந்தோம். “பேங்கில் நின்றுபோயிருக்கும், தானாகத் திரும்பி வந்துவிடும். போன வாரம்கூட ஒருவருக்கு இப்படித்தான் ஆனது” என்றார். பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பையில் பூவுக்கும் மேளத்துக்கும் வைத்திருந்த ரொக்கம் இருந்தது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம் பக்கம் கரண்ட் இல்லாமல், செல்போன் கோபுரம் இல்லாமல், கைபேசியில் பணம் இருந்தும் அரிசி வாங்க முடியாமல் நின்றவர்களைக் கண்ணால் பார்த்தவன் நான். அன்றிலிருந்து ரொக்கம் இல்லாமல் வெளியே போவதில்லை. அந்த நல்ல பழக்கமே அன்று எனக்கு வினையாக வந்தது. 4,350 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு விளக்கோடு பஸ் ஏறினேன்.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். கணக்கில் பணம் கழிந்து கடைக்குப் போய்ச் சேராமல் நடுவில் நின்றால் அது திரும்பி வரும், உண்மைதான். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் அதற்குக் கெடு வைத்தது. கடைக்குக் கட்டிய யுபிஐ பணம் என்றால் ஐந்து நாள், அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி கொடுக்க வேண்டும். ஆனால் ‘நடுவில் நிற்பது’ வேறு, ‘வேறொருவரிடம் போய்ச் சேர்ந்தது’ வேறு. என் திரையில் பச்சைக்குறி இருந்தது. பணம் எங்கும் நிற்கவில்லை, யாரோ ஒருவரிடம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது. பச்சையாக இருந்ததை நானும் முதலாளியும் சேர்ந்து மஞ்சள், அதாவது நடுவில் நிற்கிறது என்று முடிவு செய்துவிட்டோம்.

நான்கு நாள் பார்த்தேன், பணம் வரவில்லை. ஐந்தாம் நாள் மதியம், ஆலையில் ஆள் இல்லாத நேரம், பணம் கட்டிய செயலியின் பெயரையும் வாடிக்கையாளர் சேவை என்பதையும் சேர்த்து இணையத்தில் தேடினேன். முதலில் வந்த எண்ணை அழைத்தேன்.

எடுத்தவனின் தமிழைச் சொல்ல வேண்டும். அவ்வளவு பணிவு, அவ்வளவு தெளிவு. “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார், பரிவர்த்தனை எண்ணைச் சொல்ல முடியுமா?” என்று கேட்டு, நான் சொல்லச் சொல்லப் பன்னிரண்டு இலக்கத்தையும் திருப்பிப் படித்தான். பின்னணியில் பலர் பேசும் சத்தம்கூடக் கேட்டது. எங்கள் வங்கிக் கிளையில் இப்படி ஒருநாளும் யாரும் என்னிடம் பேசியதில்லை என்பதால் அவன் மீது மரியாதையே வந்துவிட்டது. “உங்கள் 4,350 ரூபாய் எங்களிடம்தான் நிற்கிறது சார். இப்போது திரையில் ஒரு செய்தி வரும். அதை ஏற்று ரகசிய எண்ணைப் போட்டால் கணக்கில் சேர்ந்துவிடும்.”

வந்தது. தொகை 4,350. அடியில் ‘திருப்பித் தரும் பணம்’ என்று குறிப்பு. அதற்கும் கீழே பொத்தான். அதில் இருந்த வார்த்தை ‘செலுத்து’. நான் செயலியைத் தமிழில்தான் வைத்திருந்தேன், ஆங்கிலம் புரியவில்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. பெறு என்று இல்லை, வாங்கு என்று இல்லை, செலுத்து என்று இருந்தது. தட்டினேன். கணக்கிலிருந்து இன்னொரு 4,350 போனது.

“கழிந்துவிட்டதே” என்று நான் பதறியபோது அவன் பதறவில்லை. “சர்வர் மாற்றிப் பதிந்துவிட்டது சார், கவலைப்படாதீர்கள். இரண்டையும் சேர்த்து 8,700 ஆக அனுப்புகிறேன்.” மறுபடி செய்தி, மறுபடி அதே பொத்தான். அன்று காலையில்தான் ஒரு வியாபாரியின் பில்லில் எட்டு ரூபாய் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சண்டை போட்டிருந்தேன். அதே கை 8,700 ரூபாயைத் தட்டி அனுப்பியது. மூன்றாவதாக 17,400 என்று செய்தி வந்தபோது கணக்கில் அவ்வளவு இல்லை. பணம் தீர்ந்ததால்தான் பிழைத்தேன், புத்தி வந்து அல்ல.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். என் கணக்கும் அச்சாக அதே விகிதம்தான்: போன 4,350-ஐத் தேடப் போய் அதைப்போல மூன்று மடங்கு கொடுத்தேன்.

வங்கியில் மனு வாங்கிக்கொண்டார்கள். ரகசிய எண்ணை நீங்களே போட்டிருப்பதால் எங்கள் பொறுப்பு இல்லை என்றார்கள். கேட்கக் கசந்தாலும் விதி அப்படித்தான். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணத்துக்கு, அவர் வங்கிக்குத் தெரிவிக்கிற நேரம்வரை அவரேதான் பொறுப்பு, தெரிவித்த பிறகு போவதற்குத்தான் வங்கி பொறுப்பு என்று 2017-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆகவே முதலில் செய்ய வேண்டியது தெரிவிப்பது. நான் இரண்டு நாள் வெட்கத்தில் வீணாக்கினேன். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்ததற்கு ஒரு ரசீது கிடைத்தது, பத்திரமாக வைத்திருக்கிறேன். அப்போது இணைய மோசடியைப் புகார் செய்ய 1930 என்ற எண் கிடையாது. இப்போது இருக்கிறது. ஏமாந்த அதே நிமிடத்தில் அழைத்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. எங்கள் தெரு ஆசிரியர் முக்கால் மணி நேரத்துக்குள் அழைத்துவிட்டார். அவர் பணத்தில் ஒரு பகுதி முடக்கப்பட்டு நிற்கிறது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், என்னைவிட வெட்கம் குறைந்தவர்.

முதல் 4,350 யாருக்குப் போனது என்பதும் பிறகு தெரிந்தது. வங்கியில் கொடுத்த விவரத்தை எடுத்துக்கொண்டு நாச்சியார்கோவிலுக்குப் போனேன். பெயரைப் பார்த்ததும் முதலாளிக்கு முகம் மாறியது. செயலி நிறுவனத்து ஆட்கள் கடை கடையாக அட்டை ஒட்டிக்கொண்டு வந்தபோது முதலாளியிடம் பொத்தான் போன்தான் இருந்ததாம். வேலை பார்த்த பையனின் போனில், அவன் கணக்கில் பதிந்துகொண்டார்கள். அவன் வேலையிலிருந்து நின்றுவிட்டான். முதலாளி புதுப் போன் வாங்கித் தன் பெயரில் புது அட்டை வாங்கிக் கல்லாப்பெட்டி மேல் ஒட்டினார். பழையதைக் கிழிக்க யாருக்கும் தோன்றவில்லை. புதிதாக வந்த பொட்டலக்காரப் பையனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பழைய பையனை போனில் பிடித்தோம். திருப்பூரில் இருக்கிறேன், பார்த்துச் சொல்கிறேன் என்றான். அதற்குப் பிறகு அந்த எண் எடுபடவே இல்லை. “என் கைக்கு வராத பணத்தை நான் எப்படித் தருவது?” என்றார் முதலாளி. உங்கள் கடை அலமாரியில், உங்கள் ஆள் காட்டிய அட்டை அது என்றேன். மூன்று முறை நடந்தேன். மூன்றாம் முறை ஒரு காமாட்சி விளக்கை எடுத்துக் காகிதத்தில் சுற்றி என் கையில் வைத்தார். மன்னிப்பா, வாயை அடைக்கும் வழியா என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன். விடாமல் நின்றிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. கல்யாணம் முடிந்த களைப்பு.

போனில் பணிவாகப் பேசியவன் எனக்கு அனுப்பிய மாதிரி, ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் செய்தியை 2025 அக்டோபர் முதல் யுபிஐயில் நிறுத்திவிட்டார்கள். வியாபாரிகள் அனுப்புவது இன்னும் உண்டு, ஆகவே ஆசிரியருக்கு வந்தது வேறு வேடம். அதே தேடல், அதே பணிவான குரல், ஆனால் திரையைப் பகிரும் செயலி ஒன்றை இறக்கச் சொல்லியிருக்கிறான். இறக்கினால் நாம் தட்டுவதெல்லாம் அவனுக்குத் தெரியும். வேடம் எதுவானாலும், பணம் நம்மிடம் வருவதற்கு ரகசிய எண் வேண்டாம். வங்கியின் எண் பாஸ் புத்தகத்திலும் ஏடிஎம் அட்டையின் முதுகிலும் இருக்கிறது. செயலியின் உதவிப் பகுதி செயலிக்குள்ளேயே இருக்கிறது. இணையத்தில் தேடித்தான் கிடைக்கும் என்கிற எண்ணை நம்பாதீர்கள். வங்கி முப்பது நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், 14448-ஐ அழைத்தால் வழி சொல்வார்கள்.

நான் கைபேசியில் கட்டுவதை நிறுத்தவில்லை. பஸ்ஸில்கூட கண்டக்டரின் கருவியில் கட்டுகிறேன். ஆனால் சில்லறையும் சட்டைப்பையில் இருக்கும், ஏனென்றால் திரை சுற்றிக்கொண்டே இருக்கும்போது அவர் நமக்காக வண்டியை நிறுத்திவைக்க முடியாது. புதுக் கடை என்றால் திரையில் வரும் பெயரை உரக்கப் படித்து, “இது நீங்கள்தானா?” என்று கேட்டுவிடுகிறேன். பெரிய தொகை என்றால் முதலில் ஒரு ரூபாய் அனுப்பிவிட்டு, வந்ததா என்று கேட்டு, பிறகு மீதியை அனுப்புகிறேன். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பின்னால் நின்றவர் என்னைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். சலிக்கட்டும்.

காமாட்சி விளக்கு எங்கள் பூஜை அறையில் எரிகிறது. குத்துவிளக்கு இரண்டும் அக்கா மகள் வீட்டில் நன்றாகத்தான் இருக்கின்றன. போன பொங்கலுக்குப் போனபோது அக்கா அவற்றைத் துலக்கிக்கொண்டே, “8,350-க்கு இந்தக் கனத்தில் இப்போது கிடைக்குமாடா?” என்று கேட்டாள். கிடைக்காது அக்கா என்றேன். இதைப் படிக்கிற ஆடுதுறைக்காரர்கள் யாரும் அவளிடம் சொல்லிவிட வேண்டாம்.