ஃபிளிப்பர் பாட்ல மூணு வருஷமா ஓடுற சோலனாய்டு வால்வ்: பிரஷர் விஷயத்துல பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது

ஃபிளிப்பர் பாட்னா ரோபோ சண்டையில ஒரு ஆர்மால எதிராளிய தூக்கிப் போடுற ரோபோ. எங்களோடது காத்துல ஓடுறது, அந்தக் காத்த கரண்ட் வச்சு சிலிண்டருக்குத் தொறந்து விடுறது தான் சோலனாய்டு வால்வ். மூணு வருஷம், ரெண்டு பாட், ஒரே மாடல் வால்வ். அரை இஞ்ச் போர்ட், 5/2 (அஞ்சு போர்ட், ரெண்டு நிலை), சிங்கிள் காயில், ஸ்பிரிங் ரிட்டர்ன் (கரண்ட் போனா ஸ்பிரிங் பழைய நிலைக்குத் தள்ளும்), 24 வோல்ட். கோயம்புத்தூர்ல நியூமேடிக் சாமானுக்குப் பஞ்சமே இல்ல, அதனால வாங்குறதுல கஷ்டம் ஒண்ணும் இல்ல. வாங்குறப்ப லேபிள்ல 0.15 - 0.8 மெகா பாஸ்கல்னு போட்டிருந்துச்சு, அதாவது ஒன்றரை பார்ல இருந்து 8 பார் வரைக்கும் (ஒரு பார்னா கிட்டத்தட்ட நம்மள சுத்தி இருக்குற காத்தோட பிரஷர்). நம்ம காலேஜ் போட்டி ரூல்ல பெரும்பாலும் 8 பார் தான் லிமிட், அப்ப பொருத்தமா இருக்குன்னு எடுத்துட்டு வந்துட்டேன். அந்த 8-ஐ மட்டும் தான் பாத்தேன், முன்னாடி இருந்த ஒன்றரைய கண்டுக்கவே இல்ல. எங்களுக்கு அடி விழுந்தது அந்தச் சின்ன நம்பர்னால தான்.

ஆர்மத் தள்ளுற எங்க சிலிண்டரோட உள் விட்டம் 63 எம்எம். 8 பார்ல அது கிட்டத்தட்ட 250 கிலோ தள்ளும். ஒரு லிட்டர் டேங்க்ல 8 பார் காத்து அடைச்சா அதுக்குள்ள சுமாரா 1000 ஜூல் நிக்குது, 60 கிலோ பாட்ட ஒன்றரை மீட்டருக்கு மேல தூக்கிப் போடுற சக்தி அது. அதனால இன்னும் கூல்ட்ரிங்ஸ் பாட்டில டேங்கா யூஸ் பண்றவங்கள பாத்தா எனக்கு வயித்தக் கலக்குது, தயவு செஞ்சு பண்ணாதீங்க, டெஸ்ட் சர்டிபிகேட் இருக்குற டேங்க் வாங்குங்க.

இப்ப அந்த அடி விஷயத்துக்கு வரேன். மேட்ச் முடிஞ்சு பிட்டுக்கு வந்தாச்சு, டேங்க மூடியாச்சு, லைன்ல இருக்குற காத்த காலி பண்ண ஆர்ம அடிக்க வைக்கிற ஃபயர் பட்டன திரும்பத் திரும்ப அமுக்குறோம். ஆர்ம் நாலஞ்சு தடவ மேல கீழ போச்சு, அப்புறம் மேலயே நின்னுருச்சு. அமுக்குனா டிக் டிக்குன்னு காயில் சத்தம் மட்டும் வருது, ஒண்ணும் அசையல. காத்து தீந்துருச்சுன்னு முடிவு பண்ணி எங்க பையன் ஒருத்தன் ஆர்முக்கு அடியில கைய விட்டு ஃபிட்டிங்க கழட்டப் போனான். ஸ்பேனர் லேசா இடிச்சிருக்கும் போல, சடார்னு ஆர்ம் கீழ இறங்கிருச்சு. கட்டைவிரல் நகம் போச்சு, எலும்புக்கு ஒண்ணும் ஆகல. அன்னிக்கு அவன் கை கொஞ்சம் உள்ள இருந்திருந்தா என்னங்குறத இப்ப நினைச்சாலும் எனக்கு உடம்பு நடுங்குது.

ராத்திரி வால்வ பிரிச்சுப் பாத்தா ஸ்பூல்ல, அதாவது உள்ள முன்ன பின்ன ஓடி காத்துக்கு வழி மாத்துற தண்டுல, ரெண்டாவது சீல் மேல வெள்ளையா ஒரு டெஃப்லான் டேப் நூல் சுத்திக் கிடக்கு, சுத்தியும் பழுப்பா பிசுபிசுன்னு தண்ணியும் ஆயிலும். பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல காத்து புடிச்சதோட பலன் அது. ஆனா அழுக்கு மட்டும் காரணம் இல்லைங்க. இந்த மாதிரி இன்டர்னல் பைலட் வால்வ்ல காயில் ஸ்பூல தள்ளறதே இல்ல, அது ஒரு சின்ன ஓட்டையத் தொறக்கும், லைன்ல இருக்குற காத்து தான் ஸ்பூல தள்ளும். எங்க மாடல்ல திரும்பி வர்றதுக்கும் ஸ்பிரிங்கோட சேத்து காத்து பாதி வேலை பாக்குது. லைன்ல பிரஷர் ஒன்றரை பாருக்குக் கீழ போனா தள்ள ஆள் இல்ல, ஸ்பூல் எங்க நின்னுச்சோ அங்கயே நிக்கும், மிச்சக் காத்து உள்ளயே மாட்டிக்கும். மிச்சம்னா கொஞ்சம்னு நினைக்காதீங்க, ஒன்றரை பார்லயே எங்க சிலிண்டர் ராடு 40 கிலோவுக்கு மேல இழுக்கும், அது கூட ஆர்மோட வெயிட்டும் சேருது.

அதுக்கப்புறம் ஃபயர் பட்டன வச்சுக் காத்து காலி பண்றத அடியோட நிறுத்திட்டோம். கவசத்துக்கு வெளிய கை எட்டுற இடத்துல கால் இஞ்ச் பால் வால்வ் ரெண்டு, ஒண்ணு டேங்க் பக்கம், ஒண்ணு பிரஷரக் குறைச்சு அனுப்புற ரெகுலேட்டருக்கு அப்புறம். ரெண்டு எதுக்குன்னா எங்க ரெகுலேட்டர் காத்த பின்னாடி விடாத டைப், டேங்க மட்டும் காலி பண்ணா அந்தப் பக்கம் அப்படியே நிக்கும். பக்கத்துலயே ஒரு கேஜ். அதுக்கு மேல 12 எம்எம் ஸ்டீல் ராடு ஒண்ணு ஆர்முக்குக் குறுக்க சொருகுறோம், அது இல்லாம எவனும் கைய நீட்டக்கூடாது, கேஜ் ஜீரோ காட்டினாலும் சரி.

நடுவுல ரெண்டு மாசம் டபுள் காயில் வால்வ் போட்டுப் பாத்தோம், கரண்ட் மிச்சமாகுமேன்னு. வேணாங்க. அதுல ஸ்பூல பிடிச்சு வைக்க ஸ்பிரிங் கிடையாது. ஆயுதத்த வேகமா சுத்தி அடிக்கிற ஸ்பின்னர் பாட்கிட்ட பக்கவாட்டுல ஒரு அடி வாங்கினதும் ஸ்பூல் தானா நகந்து, யாரும் பட்டன் தொடாமலே ஆர்ம் அடிச்சுருச்சு. கரண்ட் போனாலும் கடைசியா இருந்த நிலையிலயே நிக்கும், சண்டை போடுற பாட்டுக்கு அது சரிவராது. சிங்கிள் காயிலுக்கே திரும்பிட்டோம், ஸ்பூல் ஓடுற திசைய அடி விழுற திசைக்குக் குறுக்கா வச்சு, அடியில ரப்பர் குடுத்து மாட்டினோம். அதுலருந்து தானா அடிச்சதே இல்ல.

இன்னொண்ணு, வால்வ் தலையில ஒரு குட்டி பித்தளை ஸ்க்ரூ இருக்கும், மேனுவல் ஓவர்ரைடு, கரண்ட் இல்லாம கையாலயே வால்வ மாத்துறதுக்கு. டெஸ்ட் பண்றப்ப ஸ்க்ரூடிரைவரால திருப்பிட்டு அப்படியே விட்டுட்டா, அடுத்து டேங்க தொறந்த அந்த நிமிஷமே ஆர்ம் அடிக்கும். திருப்பினா லாக் ஆகுற டைப் வாங்காதீங்க, அமுக்கி விட்டா திரும்புற டைப் கேட்டு வாங்குங்க. அப்புறம் பேட்டரி. 6எஸ் (ஆறு செல் வரிசையா சேத்த) லித்தியம் பேட்டரி ஃபுல்லா இருந்தா 25.2 வோல்ட், ஆனா டிரைவ் மோட்டார் மாட்டிக்கிட்டு இழுக்குறப்ப வோல்டேஜ் இறங்கி காயில் விட்டுரும், ஆர்ம் பாதியில நடுங்கும். வால்வுக்குத் தனி சப்ளை குடுத்ததும் சரியாச்சு.

காத்துக்குப் பதிலா சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) அடைக்கிற பக்கம் நான் போகல. பிரிட்டன்ல ரோபோ வார்ஸ் டிவி நிகழ்ச்சியில கேயாஸ் 2ங்குற ஃபிளிப்பர் பாட் சிஓ2 வச்சு எதிராளிய அரீனாவ விட்டே வெளிய தூக்கிப் போட்டத பாத்து எனக்கும் ஆசை வந்துச்சு தான். ஆனா 20 டிகிரியிலயே அந்த டேங்க்குள்ள 57 பார் நிக்கும், 31 டிகிரி தாண்டினா உள்ள திரவமே இருக்காது, பிரஷர் 74 பாருக்கு மேல ஏறிட்டே போகும். மே மாசம் மூடுன கார் டிக்கிக்குள்ள என்ன சூடு இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ரெகுலேட்டர் ஒரு தடவ உறைஞ்சு மாட்டிக்கிட்டா அந்தப் பிரஷர் நேரா 8 பார் வால்வ் மேல தான் வந்து உக்காரும். சாதா நைட்ரைல் ஓ-ரிங்கும் (ரப்பர் சீல் வளையம்) சிஓ2வ உறிஞ்சிக்கிட்டு, பிரஷர் சட்டுன்னு எறங்குறப்ப கொப்புளம் கொப்புளமா வெடிக்கும். போறவங்க ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் நடுவுல ரிலீஃப் வால்வ் (பிரஷர் அளவு தாண்டினா தானா தொறந்து வெளிய விடுறது) இல்லாம போகாதீங்க. காத்துக்கே நாங்க 9 பார்ல தொறக்குற ஒண்ணு போட்டிருக்கோம்.

வால்வ் எப்படின்னு கேட்டா நல்ல வால்வ் தான். மூணு வருஷத்துல ரெண்டு சீல் கிட் மாத்தினேன், காயில் ஒண்ணு எரிஞ்சுச்சு, பாடியில ஒரு விரிசல் கூட இல்ல. டெஃப்லான் டேப்ப முதல் மரைய விட்டுட்டு சுத்துறோம், காத்து புடிக்கிற இடத்துல ஃபில்டர் போட்டாச்சு, ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாடியும் சோப்புத் தண்ணி தடவி பத்து நிமிஷம் கேஜ பாப்போம். அடுத்த பாட்டுக்கும் இதே கம்பெனி தான், ஆனா எக்ஸ்டர்னல் பைலட் மாடல், மெயின் லைன் எவ்ளோ இறங்கினாலும் ஸ்பூல் நகரும். பைலட்டுக்குன்னு தனியா ஒரு குட்டி ரெகுலேட்டர் வைக்கணும், சேசிஸ்ல அதுக்கு இடம் எங்கன்னு தான் இப்ப அளந்துட்டு இருக்கோம்.