புது டப்பா என்று பழைய பேசும் திரையை விற்றார்கள்: 8,500 ரூபாய் போயிற்று, யாரும் ஏமாறாதீர்கள்

கை நடுங்க எழுதுகிறேன். இன்று மதியம்தான் அந்தக் கடையிலிருந்து மறுபடியும் வெறுங்கையோடு திரும்பினேன்.

அம்மா லால்குடியில் தனியாக இருக்கிறார். போனில் வீடியோ கால் எடுக்க அவருக்கு வராது. வாயால் சொன்னாலே என்னைக் கூப்பிடும் ஸ்மார்ட் டிஸ்ப்ளே ஒன்று வாங்கலாம் என்று திருச்சியில் ஒரு மொபைல் கடைக்குப் போனேன். கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "அம்மாவுக்கா சார்? அப்ப நானே செட் பண்ணிக் காட்டுறேன்" என்று என் கண்ணெதிரே பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். தன் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து "முருகன் பாட்டு போடு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். உடனே பாடியது. அந்த இடத்தில்தான் விழுந்தேன். ஜிபேயில் 8,500 ரூபாய் அனுப்பினேன். கையில் கிடைத்தது ஒரு எஸ்டிமேட் துண்டுச்சீட்டு.

புது டப்பா திறந்தவுடன் பாடாது. முதலில் மொழி கேட்கும், வைஃபை கேட்கும், நம் கணக்கில் நுழையச் சொல்லும். கணக்கில் நுழையச் சொல்லாமலே பாடினால் யாருடைய கணக்கோ உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. அம்மா வீட்டு வைஃபையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா அழுதுகொண்டே போன் செய்தார். குளித்துவிட்டு வந்து அறையில் புடவை கட்டிக்கொண்டிருந்தாராம். திரையில் முன்பின் தெரியாத ஒரு பெண் முகம் வந்து "அத்தை" என்று கூப்பிட்டதாம். யாரும் அழைப்பை எடுக்கவில்லை. முன்பே அனுமதி கொடுத்துவைத்த உறவினர் கூப்பிட்டால், எடுக்காமலே கேமரா திறந்துகொள்ளும் வசதி இந்தக் கருவிகளில் உண்டு. அந்தப் பெண்ணும் பயந்துபோய், "இது எங்க அத்தையோடது, போன மாசம் எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாங்க" என்று சொல்லியிருக்கிறாள். பாவம், அவள் மேல் தப்பில்லை. அன்றிலிருந்து அம்மா அந்த அறைக்குள் போவதே இல்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் திரை மேல் துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறார்.

கடைக்குப் போன் செய்தேன். "ரீசெட் அடிங்க சார், சரியாயிடும்." நேரில் போனேன். முதலாளி வெளியூர், பையன் சர்வீஸ் சென்டரைக் கைகாட்டினான். அங்கே சீரியல் நம்பரைப் போட்டுப் பார்த்து, வாரண்டி முடிந்தே இரண்டு வருஷம் ஆகிறது என்றார்கள். அதைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்று முதலாளியே இருந்தார். "ஆஃபர் பீஸ் சார், சொல்லித்தானே கொடுத்தோம்" என்கிறார். சொல்லவே இல்லை! பின்னால் இருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' போர்டைக் காட்டினார். 2019 நுகர்வோர் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம். பில் கொடுக்காததும் அப்படித்தான். சொன்னேன். "கோர்ட்டுக்குப் போங்க" என்று சிரித்தார். என் 8,500 ரூபாய்க்கு அந்தச் சிரிப்புதான் மிச்சம்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவு மட்டும் பாருங்கள். பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் கருவியின் அடியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள், அந்த நம்பரோடு ஜிஎஸ்டி பில் கேளுங்கள். கடையில் திறந்ததுமே பேசினால் பணம் கொடுக்காதீர்கள். கேமராவை மூடும் தகடு இருந்தால் மூடியே வையுங்கள், படுக்கையறையில் வைக்கவே வேண்டாம். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிடுங்கள். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது.

நான் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். நாளைக் காலை அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்குப் போகிறேன், இந்த முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு.