ஐ-பில் கேட்டோம், கருக்கலைப்பு கிட் கொடுத்தார்கள்

கோவைப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். 900 ரூபாய் ஏமாந்தோம், அது போகட்டும். எந்த மாத்திரையைச் சொல்லி எதைக் கொடுத்தார்கள் என்பதுதான் விஷயம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. பையனுக்கு ஒன்றரை வயது. மாதவிலக்கு திரும்ப வந்து நாலைந்து மாதம் ஆகிறது, அதனால் பால் கொடுக்கிறோமே என்று தைரியமாக இருக்கவும் முடியாது. ஞாயிறு காலையில் ஐ-பில் என்கிற அவசர கருத்தடை மாத்திரை கேட்டு என் கணவர் மெடிக்கல் மெடிக்கலாக ஏறி இறங்கினார். மூன்று கடையில் "அதெல்லாம் நாங்க வைக்கிறதில்லைங்க" என்று சொல்லிவிட்டார்கள். நான்காவது கடைக்காரர் கூட்டம் குறையும் வரை நிற்கச் சொல்லி, செய்தித்தாளில் சுற்றி ஒரு பெட்டியைக் கொடுத்தார்.

"ஐ-பில்தானுங்களே? இது அதைவிட ஸ்ட்ராங்குங்க. இன்னிக்கு ஒன்னு, ரெண்டு நாள் கழிச்சு மீதி நாலு."

விலை 900. பில் கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் பில் வராதுங்க."

ஐந்து மாத்திரை என்றதுமே எனக்கு உறுத்தியது. பெங்களூரில் வேலை பார்த்தபோது அவசர கருத்தடை மாத்திரை வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், அவ்வளவுதான். இந்தப் பெட்டியில் மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் ஒன்று, மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் நான்கு. அச்சிட்ட விலையை மார்க்கரால் அடித்திருந்தார்கள்.

நர்ஸாக இருக்கும் சித்திக்குப் படம் அனுப்பினேன். அடுத்த நிமிடமே போன். "கண்ணு, அதைத் தொடாத. அது கரு கலைக்கிற கிட்டு."

அவசர கருத்தடை மாத்திரை சினைமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கரு ஏற்கெனவே உண்டாகியிருந்தால் அது ஒன்றும் செய்யாது, கலைக்கவும் கலைக்காது. அந்தக் கிட் நேர் எதிர். கரு உண்டான பிறகு அதைக் கலைப்பதற்கென்றே இருப்பது. மிஃபெப்ரிஸ்டோன் கருவைத் தாங்கும் ஹார்மோனைத் தடுக்கிறது, மிசோப்ரோஸ்டால் கருப்பையைச் சுருங்க வைத்து வெளியேற்றுகிறது. அதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் 9 வாரம் வரை மருத்துவர் மேற்பார்வையில் சட்டப்படியே எடுக்கலாம். 18 வயதானவளுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை. ஆனால் முதலில் எத்தனை வாரம் என்று பார்க்க வேண்டும். கரு கருப்பையில் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை கேட்காது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. கருவே உண்டாகாத நான் அந்த நாலையும் விழுங்கியிருந்தால் வயிற்றுவலி, பேதி, குளிர் நடுக்கம் என்று கிடந்திருப்பேன்.

எரிச்சல் எங்கே என்றால், லெவோநார்ஜெஸ்ட்ரலை மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம். விலையும் நூறு ரூபாய் சொச்சம்தான். அதை நம் ஊர்க் கடைகளில் வைப்பதில்லை. சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத கிட் மட்டும் செய்தித்தாளில் சுற்றி வருகிறது!

சரி, அப்புறம் என்ன செய்தோம்? வாளையாறு தாண்டி பாலக்காடு போனால் மாத்திரை கிடைக்கும் என்று இவர் கிளம்பினார். சித்திதான் நிறுத்தினாள். ஐந்து நாளுக்குள் கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி போட்டால் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யும், அடுத்து சில வருடத்துக்குக் கவலையும் இல்லை என்றாள். இரண்டாவது குழந்தை இப்போதைக்கு வேண்டாம் என்று பேசி வைத்திருந்தோம், அதனால் யோசிக்கவே இல்லை. திங்கள் காலை அரசு மருத்துவமனையில் பரிசோதித்துவிட்டுப் போட்டுவிட்டார்கள். பத்து காசு செலவில்லை. மூன்று வாரம் கழித்து சிறுநீர்ப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை.

பிரிக்காத கிட்டைத் திருப்பிக் கொடுக்க இவர் போனார். "இது எங்க கடையில வாங்கினதே இல்லைங்களே" என்று முகத்தைப் பார்த்தே சொன்னாராம் அதே ஆள். பில் இல்லாமல் என்ன பேசுவது? ஆனால் பெட்டியில் பேட்ச் எண் இருக்கிறது. படமெடுத்து, கடை இருக்கும் தெருவையும் எழுதி, மருந்து ஆய்வாளருக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன்.