டாங்கிள் நல்ல டாங்கிள்தான், ஆனால் லினக்ஸுக்கு வாங்காதீர்கள்

லினக்ஸ் போட்ட கணினிக்கு எந்த வைஃபை டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் வைஃபை கருவி) வாங்கலாம், நீங்கள் வைத்திருப்பதையே வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் சொல்ல முடியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என் டாங்கிளில் இரண்டு ஆன்டெனா, 5 கிகாஹெர்ட்ஸில் சுவர் தாண்டியும் சிக்னல் தளராது, இணைந்துவிட்டால் நாள் முழுக்க அறுபடாது. மடிக்கணினியோடு வந்த கார்டு இதன் பக்கத்தில்கூட வராது. வன்பொருளில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

என் கோபமெல்லாம் டிரைவர் மேல்தான், அதாவது வன்பொருளை இயக்கும் நிரல் மேல். வாங்கியபோது இந்தச் சிப்புக்கான டிரைவர் லினக்ஸின் மையமான கர்னலில் கிடையாது. சிப் நிறுவனம் எப்போதோ கொடுத்துவிட்டுப் போன மூலநிரலைச் சில தன்னார்வலர்கள் எடுத்து ஒட்டுப்போட்டு வைத்திருந்தார்கள், அதை டிகேஎம்எஸ் (கர்னல் மாறும்போதெல்லாம் வெளி டிரைவரை மறுபடி கட்டித் தரும் கருவி) மூலம் நாமே கம்பைல் செய்து, அதாவது ஓடும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். போட்ட அன்றைக்கு அருமையாக ஓடும். அப்புறம்தான் ஆரம்பிக்கும். லினக்ஸ் கர்னல் தனக்குள் இருக்கும் ஃபங்ஷன்களை எப்போது வேண்டுமானாலும் மாற்றும். ஒன்றின் பெயர் மாறும், இன்னொன்றுக்குக் கொடுக்க வேண்டிய உள்ளீடு (ஆர்கியுமென்ட்) கூடும். கர்னலுக்குள் இருக்கும் டிரைவர் என்றால் மாற்றுகிறவரே அதையும் சேர்த்துத் திருத்திவிடுவார், வெளியே கிடக்கிறதை யார் திருத்துவது? புதுக் கர்னல் வந்ததும் டிகேஎம்எஸ் பழைய நிரலைக் கம்பைல் செய்யப் பார்த்து எரர் அடித்து நின்றுவிடும், அந்த எரரும் அப்டேட் ஓடுகிற வேகத்தில் மேலே போய் மறைந்துவிடும். ரீபூட் செய்தால் வைஃபை ஐகானே இருக்காது. டெர்மினலில் 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளை அடித்தால் டாங்கிள் இருக்கிறது என்று காட்டும், 'ஐபி லிங்க்' அடித்தால் வைஃபை என்று ஒன்றுமே வராது. திருத்திய நிரல் இணையத்தில் இருக்கும், இணையத்துக்குப் போக டிரைவர் வேண்டும்!

இந்த இடத்தில் கைகொடுப்பது கைப்பேசி. யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் (கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிர்வது) போட்டால் உடனே இணைப்பு வந்துவிடும், அதற்கான டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், வேறு எதற்காவது உதவும்.

செக்யூர் பூட் (கையெழுத்திட்ட நிரலை மட்டும் ஓட விடும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்தால் இன்னொரு சுற்று. கம்பைல் ஒழுங்காக முடிந்திருக்கும், கர்னலில் சேரும் அந்த டிரைவர் துண்டை, அதாவது மாட்யூலை, ஏற்றப் போனால் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வந்து நிற்கும். மாட்யூலுக்குக் கையெழுத்திட்டு, ரீபூட்டில் வரும் நீலத் திரையில் அந்தக் கீயைச் சேர்த்தால்தான் உள்ளே விடும். ஒரு வைஃபைக்காக ஒரு சாதாரண ஆள் ஏன் இவ்வளவு கற்றுக்கொள்ள வேண்டும்?

நியாயமாகப் பேசினால், முன்பு இருந்ததற்கு இது எவ்வளவோ மேல். என்டிஸ்ராப்பர் என்று ஒன்றைப் போட்டு விண்டோஸ் எக்ஸ்பி டிரைவரை லினக்ஸில் ஓட்டிய காலம் உண்டு, பிராட்காம் நிறுவனத்தின் கார்டுகளுக்கு விண்டோஸ் டிரைவரிலிருந்து ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஓடும் நிரலை) வெட்டியெடுக்கத் தனி நிரலே இருந்தது. 2008இல் ஆதெராஸ் நிறுவனத்தின் கார்டுகளுக்கு ஏத்9கே டிரைவர் வந்தது, ஃபர்ம்வேர் கோப்புகூடக் கேட்காது, இன்றைக்கும் அந்தப் பழைய கார்டுகள் போட்டதும் ஓடுகின்றன. 2010இல் பிராட்காமே திறமூல டிரைவர் கொடுத்தது. 2023இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் வெளியீட்டிலிருந்து கட்டற்றதல்லாத (உரிமக் கட்டுப்பாடுள்ள) ஃபர்ம்வேரும் அதிகாரபூர்வ நிறுவியிலேயே இருக்கிறது, பென்டிரைவில் தனியாகக் கொண்டு அலைய வேண்டியதில்லை.

என் டாங்கிளுக்கும் விடிவு வந்துவிட்டது. சமீபத்துக் கர்னலில் இந்தச் சிப்பின் டிரைவரைச் சேர்த்துவிட்டார்கள். டிகேஎம்எஸ் பொட்டலத்தை நீக்கிவிட்டு ரீபூட் செய்தேன், ஐகான் தானாக வந்து நின்றது, அப்டேட் வந்தாலும் இப்போது அசைவதில்லை. எழுதிச் சேர்த்தவர்களுக்கு மனதார நன்றி.

ஆனாலும் வாங்காதீர்கள். புதுக் கர்னல் இல்லாத வெளியீட்டை வைத்திருப்பவருக்கு இன்றும் அதே பாடுதான். அதைவிட, விற்றவர்கள் செய்ய வேண்டிய வேலையை மற்றவர்கள் தங்கள் நேரத்தில் செய்து முடித்திருக்கிறார்கள், அந்தப் பெருமையை நான் விற்றவர்களுக்குத் தரமாட்டேன்.

நண்பருக்கு என் பதில்: டாங்கிள்தான் வேண்டுமென்றால் மீடியாடெக் எம்டி7612யூ சிப் உள்ளதாகப் பாருங்கள், அதன் டிரைவர் பல வருடங்களாகக் கர்னலில் இருக்கிறது. மடிக்கணினியைத் திறக்க முடியும், உள்ளே கார்டு செருகும் எம்.2 இடம் இருக்கிறது என்றால் இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டு இன்னும் நல்லது. ஏஎக்ஸ்211ஐ மாற்றி வாங்கிவிடாதீர்கள், அது சிஎன்விஐ வகை (வைஃபை வேலையில் ஒரு பகுதியை இன்டெல் சிப்செட்டே செய்யும் வகை), அதற்கென்றே உள்ள இன்டெல் பலகைகளில்தான் ஓடும். எதை வாங்கினாலும் மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். அதே பெயரில் அடுத்த பதிப்பு வரும்போது உள்ளே சிப்பையே மாற்றிவிடுகிறார்கள், பதிப்பு எண்ணைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பெட்டியில் லினக்ஸ் ஆதரவு உண்டு என்று போட்டிருந்தால், எந்தக் கர்னல் வரைக்கும் என்று பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.